மேற்குப் பார்த்த மனையில் வீட்டை எங்கே உட்கார வைப்பது?

சென்னைப் புறநகரில் 40-க்கு 60, ஒரு கிரவுண்டு மனை, சாலை மேற்கே இருக்கிறது, வீட்டை முன்னால் தள்ளிக் கட்டுவதா, பின்னால் தள்ளியா, நடுவிலா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்ஜினியர் ஒன்று சொல்கிறார், வாஸ்து பார்ப்பவர் ஒன்று சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

முன்னால் தள்ளிக் கட்டுங்கள். சாலைப் பக்கம் விதிப்படி விடவேண்டியதை மட்டும் விட்டுவிட்டு, மிச்சக் காலியிடம் முழுவதையும் பின்னால், கிழக்கே சேர்த்து வையுங்கள். மேடவாக்கத்தில் இதே மாதிரி மேற்குப் பார்த்த மனையில் நாங்கள் இப்படித்தான் கட்டினோம். மேஸ்திரிக்கு இதில் இஷ்டமே இல்லை. "முன்னாடி இடம் விட்டாத்தான் சார் வீடு எடுப்பா இருக்கும்" என்றார். பார்க்கிறவர்களுக்கு எடுப்பாக இருக்கும், சரி. உள்ளே இருக்கிறவர்களுக்கு வேண்டியது காற்று.

சித்திரை, வைகாசியில் சென்னையில் காலையிலிருந்தே மேற்கிலிருந்து அனல் அடிக்கும். மதிய வாக்கில் கடல்காற்று கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ உள்ளே நுழையும். கடற்கரையை ஒட்டிய பகுதிகளுக்கு முதலில், தாம்பரம், ஆவடிப் பக்கம் சற்றுத் தாமதமாக. மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் சாயங்காலம் வரை காக்க வைக்கும். அந்தக் காற்று வரும் திசையில் மூன்றடிச் சந்தும் அதற்கு அப்பால் பக்கத்து வீட்டுச் சுவரும் இருந்தால், எவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தும் பிரயோஜனம் இல்லை. நாளைக்குப் பின்மனையில் யாராவது எல்லையை ஒட்டி இரண்டு மாடி எழுப்பலாம். உங்கள் எல்லைக்குள் பின்னால் விட்ட இடத்தை மட்டும் யாரும் தொட முடியாது.

உங்கள் அளவில் கணக்குப் போட்டால், முன்னால் 10 அடி, வீட்டின் நீளம் 35 அடி, பின்னால் 15 அடி வரும். பக்கவாட்டில் வடக்கே 4, தெற்கே 7 விட்டால் அகலம் 29. ஒரு தளத்துக்கு ஆயிரம் சதுர அடிக்குக் கொஞ்சம் மேலேயே கிடைத்துவிடும். நான்கு பக்கமும் சமமாகப் பங்கு போட்டு விட்டால் அதில் எந்தப் பக்கமும் உட்காரக்கூட உதவாது. குறைந்தபட்சம் எவ்வளவு விடவேண்டும் என்பது சாலையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்தது. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளை வைத்து இன்ஜினியரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெயிலுக்கும் இதே ஏற்பாடுதான் சரி. சென்னை ஏறக்குறைய 13 டிகிரி வடக்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை உச்சிச் சூரியன் நம் தலைக்கு மேலே சற்று வடக்கே சாய்ந்து நிற்கும். டிசம்பரில் நன்றாகத் தெற்கே இறங்கிவிடும். ஆகவே தெற்குச் சுவரைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம், கோடையில் அதில் வெயில் குறைவு. மேற்குச் சுவர்தான் படுத்தும். நாலு மணி வெயில் சாய்வாக அடிப்பதால் சன்ஷேடு அதைத் தடுக்காது. மே மாதம் யாராவது சொந்தக்காரர் வீட்டில் மேற்குச் சுவரின் உள்பக்கத்தில் இரவு ஒன்பது மணிக்குக் கையை வைத்துப் பாருங்கள், சூடு இறங்கியிருக்காது. அதனால் முகப்பில் போர்டிகோ, படிக்கட்டு, பாத்ரூம் என்று மனிதர்கள் அதிக நேரம் இருக்காத இடங்களை வரிசையாக வையுங்கள். வெயிலை அவை வாங்கிக்கொள்ளும். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு புங்கை வைத்தால் இன்னும் நல்லது.

வாஸ்து விஷயத்தில் நீங்கள் சண்டை போடவே வேண்டியதில்லை. மேற்கைவிடக் கிழக்கில் அதிக இடம், தெற்கைவிட வடக்கில் அதிக இடம் என்றுதான் அவர்களும் சொல்வார்கள். வடக்கு-தெற்கை மட்டும் நான் மாற்றிச் சொல்கிறேன், காற்று தென்கிழக்கிலிருந்து வருவதால். வீட்டில் பெரியவர்கள் ஒப்பவில்லை என்றால் இரண்டு பக்கமும் ஐந்தரை அடி விடுங்கள், குடி முழுகிப் போகாது. கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில்தான் பெரிய படுக்கையறை என்றால், அதன் மேற்குச் சுவர் முழுக்க அலமாரி அடித்துவிட்டுக் கட்டிலைத் தள்ளிப் போடுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், அது அக்னி மூலைச் சமையலறை. சென்னையில் தென்கிழக்கு மூலை என்பது காற்று வீட்டுக்குள் நுழையும் வாசல். அங்கே அடுப்பை வைத்தால் மீன் பொரிக்கிற வாசனை படுக்கையறை வரை போகும், ஜன்னலைத் திறந்தால் பர்னர் தீ ஆடும், கடைசியில் அந்த ஜன்னலை நிரந்தரமாகச் சாத்தி வைப்பார்கள். வாயு மூலையிலும், அதாவது வடமேற்கிலும் சமையலறை வைக்கலாம் என்று வாஸ்து பார்ப்பவர்களே மாற்று சொல்வது உண்டு. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தென்கிழக்கை ஹாலுக்கோ நீங்கள் தூங்கும் அறைக்கோ கொடுங்கள்.

பிளான் போடும் முன்னால் சர்வேயரை வைத்து எல்லைக்கல்லைச் சரிபாருங்கள், சர்வே வரைபடமான புலப்படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பத்திரத்தில் 60 என்று இருக்கும், தரையில் ஓரத்தில் ஒரு அடி குறையும். அப்புறம் வீடு வரும் இடத்தைச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, நீளமான கம்பு ஒன்றின் உச்சியில் பழைய வேட்டிக் கிழிசலைக் கட்டி நடுங்கள். மதியத்துக்கு மேல் போய்ப் பாருங்கள். கொஞ்ச நேரம் தொங்கிக்கொண்டே இருக்கும் துணி, கடல்காற்று எட்டியதும் வடமேற்கைப் பார்த்து நீளும். எங்கள் வீட்டு ஜன்னல்களின் இடத்தை அந்தத் துணியைப் பார்த்துத்தான் முடிவு செய்தோம்.

இனி தண்ணீர். முன்னால் தள்ளிக் கட்டுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது: சாலையிலிருந்து வழியும் தண்ணீர் உங்களைத்தான் முதலில் தொடும். இங்கே பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு உயர்ந்துபோன தெருக்கள் ஏராளம். இன்றைய சாலை மட்டத்தை வைத்துப் பேஸ்மட்டம் போடாதீர்கள். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று இஸ்திரி போடுபவரிடமும் மளிகைக் கடைக்காரரிடமும் கேளுங்கள். மனை விற்றவர் சொல்வதைவிட அவர்கள் சொல்வது சரியாக இருக்கும். பல வீடுகளின் காம்பவுண்டுச் சுவரில் கறை இன்னும் தெரியும். அந்த மட்டத்துக்கு மேலே ஒன்றரை அடியாவது தரை இருக்கட்டும். வெள்ளம் இடுப்பளவு வந்த தெரு என்றால் கீழே கார் நிறுத்த மட்டும் விட்டு, குடியிருப்பை மேலே தூக்கிவிடுவதுதான் வழி.

ஈசானியத்தில், அதாவது வடகிழக்கு மூலையில், சம்ப் என்கிற தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி வைப்பது வழக்கம். அந்த மூலை மனையிலேயே பள்ளமான மூலையாக இருந்தால் வாயைத் தரையிலிருந்து நன்றாக உயர்த்திக் கட்டுங்கள், இல்லாவிட்டால் வெள்ளத்தில் தெருச் சாக்கடை நேராகக் குடிதண்ணீரில் இறங்கும். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லிருந்து கட்டாயம் என்பது தெரிந்திருக்கும். பேருக்கு ஒரு குழி தோண்டாமல், பின்பக்கம் விட்ட இடத்தில் உறைகிணறு ஒன்று இறக்கி மாடித் தண்ணீர் முழுவதையும் அதில் விடுங்கள். செப்டிக் டேங்கு அதற்கும் போர்வெல்லுக்கும் எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி, முன்பக்கம் வரட்டும். பிற்பாடு லாரி வந்து உறிஞ்சவும் அதுதான் வசதி. அதைக் குறிக்கும் முன் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் அவர்கள் போர் எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வடக்கு வீட்டுப் போர் உங்கள் சுவரை ஒட்டி இருந்தால் டேங்கைத் தெற்கு ஓரத்துக்கு மாற்றி வரையச் சொல்லி, அதற்குப் பிறகு பிளானை அப்ரூவலுக்கு அனுப்புங்கள்.