ஓஹையோ ஸ்டேட்டை லத்தீனில் எப்படி எழுதுவது?

கேள்வி: மகன் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்திலும் மகள் கான்சாஸ் பல்கலைக்கழகத்திலும் பட்டம் வாங்குகிறார்கள். இரண்டு பெயரையும் லத்தீனில் பித்தளைத் தகட்டில் பொறித்துக் கொடுக்க ஆசை. மொழிபெயர்ப்புச் செயலி ‘யுனிவெர்சிடாஸ் ஸ்டாடுஸ் ஓஹையோ’ என்கிறது. அப்படியே கொடுத்துவிடலாமா?

வேண்டாங்க. ‘ஸ்டாடுஸ்’ என்றால் நிலைமை, நிற்கும் விதம். அமெரிக்க மாநிலத்துக்கு லத்தீனில் வழங்குவது ‘சிவிடாஸ்’. ஓஹையோ ஸ்டேட்டின் குறிக்கோள் வாசகமே ‘டிசிப்ளினா இன் சிவிடாடெம்’தான், அங்கே குடிமைப் பண்பு என்ற பொருளில் வருகிறது, ஆனால் சொல் ஒன்றே. ஆக, ‘யுனிவெர்சிடாஸ் சிவிடாடிஸ் ஓஹியோயென்சிஸ்’ என்று போடுங்கள். நீளமாக இருக்கிறதே என்று நடுவில் உள்ள சிவிடாடிஸை வெட்டிவிடாதீர்கள், வெட்டினால் அது ஏதென்ஸ் என்ற ஊரில் 1804-இல் தொடங்கிய ஓஹையோ பல்கலைக்கழகம் ஆகிவிடும், உங்கள் மகனுடையது 1870-இல் வந்தது, இரண்டும் வேறு வேறு.

மகளுடையது சுலபம், பல்கலைக்கழக முத்திரையிலேயே இருக்கிறது. எரியும் புதர் முன்னால் மோசே மண்டியிட்டிருப்பார், சுற்றிலும் ‘சிகில்லும் யுனிவெர்சிடாடிஸ் கான்சியென்சிஸ்’ என்று எழுதியிருக்கும். நாமாக, ‘அந்த இடத்தைச் சேர்ந்த’ என்று பொருள்தரும் ‘என்சிஸ்’ விகுதியை ஒட்டினால் ‘கான்சாசென்சிஸ்’ என்று நாக்கு சுளுக்கியிருக்கும், அதனால்தான் எப்போதும் முதலில் முத்திரையைப் பாருங்கள் என்கிறேன். ஆனால் அப்படியே நகலெடுக்கக் கூடாது: சிகில்லும் என்றால் முத்திரை, ‘யுனிவெர்சிடாடிஸ்’ என்பது ‘பல்கலைக்கழகத்தின்’. பெயர் மட்டும் வேண்டுமென்றால் ‘யுனிவெர்சிடாஸ் கான்சியென்சிஸ்’. ‘என்சிஸ்’ இரண்டு இடத்திலும் மாறாது, நல்லவேளை.

எல்லா மாநிலமும் இந்த ஒட்டுக்கு அடங்காது. நியூயார்க் ‘நோவும் எபோராகும்’, ஏனென்றால் ரோமானியர் காலத்தில் இங்கிலாந்தின் யார்க் நகருக்கு எபோராகும் என்று பெயர். நியூஜெர்சி ‘நோவா சீசரேயா’, 1664 நிலப்பத்திரத்திலேயே ஆங்கிலத்தில் ‘நியூ சீசரேயா’ என்று வருகிறது. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தை யு.வி.எம். என்கிறார்களே, அந்த எம் எங்கிருந்து வந்தது என்று நிறையப் பேர் முழிப்பார்கள். அது ‘யுனிவெர்சிடாஸ் விரிடிஸ் மான்டிஸ்’, பச்சை மலைப் பல்கலைக்கழகம். எனக்குப் பிடித்தது வட கரோலினா பல்கலைக்கழகம்: முத்திரையில் ‘கரோல். செப்டென்ட்.’ என்று சுருக்கியிருப்பார்கள், அந்தச் செப்டென்ட். ‘செப்டென்ட்ரியோனாலிஸ்’, வடக்கு என்று பொருள். அதற்கு மூலம் நம் சப்தரிஷி மண்டலத்து ஏழு நட்சத்திரங்கள்தான், ரோமானியர் கண்ணுக்கு அவை ஏழு உழவு மாடுகள்.

அப்புறம், பொறிப்பவரிடம் வாயால் சொல்லாதீர்கள், கையெழுத்திலும் வேண்டாம். பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்து, பித்தளையில் கை வைக்கும் முன் மாதிரியை வாங்கி ‘என்சிஸ்’ வால் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள்.