லாரிக் கதவில் எழுதியிருக்கும் எடைகள்

கேள்வி: லாரிகளின் பக்கவாட்டில் யு.எல்.டபிள்யூ., ஆர்.எல்.டபிள்யூ. என்று எழுதி, எதிரே கிலோ கணக்கும் போட்டிருக்கிறார்களே, அவற்றின் பொருள் என்ன? ‘டாரஸ்’ என்பது எந்த வகை லாரி?

பதில்: முதலாவது, சரக்கு ஏற்றாத வெறும் வண்டியின் எடை, இரண்டாவது, சரக்கோடு சேர்த்து அந்த வண்டி சாலையில் செல்ல அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் கிடைப்பதே சட்டப்படி ஏற்றக்கூடிய சரக்கின் அளவு. அதைத் தாண்டினால் ‘ஓவர்லோடு’.

மொத்த எடையை எஞ்சினின் வலிமை மட்டும் தீர்மானிப்பதில்லை. ஒவ்வோர் அச்சும் சாலையின் மீது எவ்வளவு பாரத்தை இறக்கலாம் என்பதை வைத்தே வரம்பு வகுக்கப்படுவதால், அச்சுகளும் சக்கரங்களும் கூடக்கூட அனுமதியும் கூடுகிறது. மூன்று அச்சுகள் கொண்ட பத்துச் சக்கர லாரிக்கு 25 டன்னாக இருந்த வரம்பு, 2018 ஜூலையில் 28.5 டன்னாக உயர்த்தப்பட்டது. அப்படிப்பட்ட வண்டியின் சொந்த எடை 9.5 டன் என்று வைத்துக்கொண்டால், 19 டன் சரக்கு ஏற்றலாம்.

டாரஸ் என்பது உண்மையில் அசோக் லேலண்ட் நிறுவனத்தின் ஒரு மாடலுக்கு இடப்பட்ட பெயர். நகல் எடுப்பதையெல்லாம் நாம் ஜெராக்ஸ் என்று அழைப்பதைப் போல, எந்த நிறுவனம் தயாரித்த பல அச்சு லாரியையும் அந்தப் பெயராலேயே அழைக்கும் வழக்கம் நிலைத்துவிட்டது.