புக் பண்ண கார் எப்ப சார் வரும்? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மாசி மாசம் 25,000 ரூபா அட்வான்ஸ் கட்டி கார் புக் பண்ணோம். பத்து வாரத்துல சாவி உங்க கைலன்னு சேல்ஸ்மேன் சொன்னாரு, இப்ப ஆனி முடியப்போகுது. கேட்டா ஃபேக்டரில இருந்தே வரலைங்கிறாங்க. நேத்து போனப்ப, முழுப் பணத்தையும் கட்டிட்டா லிஸ்ட்ல முன்னாடி கொண்டு வர்றோம்னாங்க. ஆவணில திருக்கடையூர்ல அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், புது வண்டில கூட்டிட்டுப் போகணும்னு ஆசை. கட்டிடலாமா? - மடிப்பாக்கம் வாசகர்

பதில்: கட்டாதீங்க. உங்க பேருக்கு வண்டி ஒதுக்கி, அதோட 17 எழுத்து சேசிஸ் நம்பரை (ஒவ்வொரு வண்டிக்கும் தனியா இருக்கிற அடையாள நம்பர்) எழுத்துல குடுத்தப்புறம் மீதிப் பணத்தைப் பத்திப் பேசலாம்.

முதல்ல ஷோரூமுக்குப் போய், கம்பெனி சிஸ்டத்துல உங்க புக்கிங் ஏறியிருக்கான்னு பாருங்க, ஆர்டர் நம்பரும் தேதியும் கேட்டு வாங்குங்க. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா என் தம்பி கார் புக் பண்ணப்ப நாலு மாசம் அலையவிட்டாங்க, ஒருநாள் நான் கூடப் போனேன், மேனேஜர் டேபிள்ல ஒரு கோடு போட்ட நோட்டு, அதுல தம்பி பேரு பென்சில்ல எழுதியிருக்கு, வேரியன்டும் தப்பு, சிஸ்டத்துல ஏத்தவே இல்ல. அவன் வெயிட்டிங் அன்னிக்குத்தான் ஆரம்பிச்சுது. அவன் முகத்தைப் பாத்தப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம்னு ஃபேக்டரி நம்ம பக்கத்துலயே இருக்கே, நமக்கு சீக்கிரம் வந்துடும்னு பலபேர் நினைக்கிறாங்க. அங்க தயாராகுற வண்டி நாடு முழுக்கப் போகணும், கப்பலும் ஏறணும். எந்த வேரியன்ட், எந்த கலர் எத்தனைன்னு கணக்குப் போட்டுத்தான் லைன்ல ஓட்டுவாங்க, ஒரு பார்ட் வரலைன்னாலும் அந்த வேரியன்ட் நின்னுடும், 2021ல சிப் கிடைக்காம உலகம் முழுக்க நின்ன மாதிரி. அதனால வேற கலர்ல ரெடியா வண்டி இருக்கான்னு கேளுங்க, மனசுக்குப் பிடிச்சா மட்டும் மாத்துங்க.

இன்னொண்ணு, ஆடி வருது. ஆடில வண்டி வேண்டாம், ஆவணில எடுத்துக்கறேன்னு நிறைய பேர் தள்ளிப்போடுவாங்க, அவங்களுக்கு ஒதுக்கின வண்டி யார்டுல நிக்கும், அதுல ஒண்ணு உங்களுக்குக் கிடைக்கலாம். ஆடிப்பெருக்கு நல்ல நாள்தானே, அன்னிக்கு எடுக்கலாமான்னு அப்பாகிட்ட கேட்டுப் பாருங்க. அவர் சரின்னா, ஆடிலயே எடுத்துக்கறேன்னு மேனேஜருக்கு மெயில் போட்டுடுங்க. அப்பாவுக்கு மனசு ஒப்பலைன்னா விட்டுடுங்க, அவர் விசேஷத்துக்குத்தானே வண்டி.

விலையையும் பாத்துக்குங்க. புக்கிங் ஃபார்ம்ல பொடி எழுத்துல, டெலிவரி அன்னிக்கு என்ன விலையோ அதுதான்னு பெரும்பாலும் போட்டிருப்பாங்க. நம்ம தமிழ்நாட்டுல லைஃப் டாக்ஸ், அதாவது வண்டியைப் பதிவு பண்றப்ப ஒரே தடவையா கட்டுற வரி, 5 லட்சத்துக்கு மேல 10 லட்சம் வரைக்கும் உள்ள காருக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினா 20 லட்சம் வரைக்கும் 18. 9,90,000 ரூபா வண்டி 10,05,000 ஆச்சுன்னு வைங்க, விலை ஏறினது 15,000தான், ஆனா டாக்ஸ் 1,28,700ல இருந்து 1,80,900க்குப் போயிடும். உங்க வண்டி அந்த 10 லட்சத்தை ஒட்டி இருந்தா, தாமதம் அவங்களோடது, விலை ஏத்தாதீங்கன்னு இப்பவே எழுதிக் கேளுங்க.

எதுக்கும் பதில் இல்லையா, கேன்சல் பண்ணி அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்க, அதையும் எழுத்துல. இழுத்தடிச்சா 1915க்கு போன் பண்ணுங்க, அது நுகர்வோர் ஹெல்ப்லைன். அப்பவும் தரலைன்னா மாவட்ட நுகர்வோர் கமிஷன், குடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ள இருந்தா மனுவுக்கு ஃபீஸ் கிடையாது. ரசீது, ஃபார்ம், சேல்ஸ்மேன் அனுப்பின வாட்ஸ்அப் மெசேஜ், எதையும் அழிச்சிடாதீங்க.

கேள்வி: வண்டி இன்னும் வரல, ஆனா லோன் பணத்தை இப்பவே ரிலீஸ் பண்ணச் சொல்லுங்கன்னு ஷோரூம்ல நச்சரிக்கிறாங்க. - பெரம்பூர் வாசகி

பதில்: லோன் சாங்ஷன், அதாவது பேங்க் ஒப்புதல், வரைக்கும் போதும்மா. பேங்க் பணத்தை ரிலீஸ் பண்ண அன்னிலேர்ந்து வட்டி ஓடும், வராத வண்டிக்கு நீங்க இஎம்ஐ கட்டிட்டிருப்பீங்க. யார்டுக்குப் போய் வண்டியை நேர்ல பாருங்க, சேசிஸ் நம்பரை போட்டோ எடுத்து இன்வாய்ஸ்ல இருக்கிற நம்பரோட ஒவ்வொரு எழுத்தா சரிபாருங்க, தயாரிச்ச மாசம் வருஷத்தையும் கேளுங்க, அதுதான் ஆர்.சி.ல அச்சாகும். எல்லாம் சரியா இருந்தா அப்புறம் பேங்க்குக்கு போன் பண்ணுங்க.