இரண்டு கேபிள், ஒரு ஃபயர்வால்

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனியில் ஒரு ஃபோர்ட்டிகேட் ஃபயர்வாலும் ஸ்டாக் வசதி (இரண்டையும் சேர்த்து ஒரே ஸ்விட்ச்போல இயக்குவது) இல்லாத இரண்டு ஸ்விட்ச்களும் இருக்கின்றன. ஸ்விட்சுக்கு ஒன்றாகக் கேபிள் இழுத்து ரிடண்டன்ட் இன்டர்ஃபேஸ் (ஒரு கேபிள் போனால் மற்றது ஏற்கும் அமைப்பு) போடப் பார்க்கிறேன். நான் தேடும் போர்ட் பட்டியலிலேயே வரவில்லை. பேசாமல் கேபிள்களை ஒன்றாகச் சேர்க்கும் அக்ரிகேட் போட்டுவிடலாமா?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: அக்ரிகேட் வேண்டாம். அதில் எல்லா கேபிளும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஆனால் மறுமுனையில் ஒரே ஸ்விட்ச், அல்லது ஒன்றுபோல நடந்துகொள்ளும் ஸ்விட்ச்கள் இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பவை தனித்தனி. ரிடண்டன்ட்தான் சரி. ஒரு சமயத்தில் ஒரு கேபிள்தான் ஓடும், அதனால் வேகம் இரட்டிப்பாகாது.

போர்ட் தெரியாததற்குக் காரணம், அது ஏற்கெனவே எங்கோ பயன்பாட்டில் இருப்பது. ஐபி முகவரி, டிஎச்சிபி சர்வர் (கணினிகளுக்கு முகவரி கொடுப்பது), பாலிசி (ஃபயர்வால் விதி) என எது ஒட்டியிருந்தாலும் சேர்க்க முடியாது. சிறிய மாடல்களில் போர்ட்கள் 'லேன்' என்ற ஹார்ட்வேர் ஸ்விட்சுக்குள் (பல போர்ட்களை ஒன்றாகச் சேர்த்த தொகுப்பு) இருக்கும். அங்கிருந்து முதலில் கழற்ற வேண்டும். அதற்கு முன் கான்ஃபிக் பேக்கப் எடுங்கள், உங்கள் லேப்டாப்பை வேறொரு போர்ட் வழியாக இணைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டிவிடாதீர்கள்.

இனிதான் முக்கியமான விஷயம். ஃபயர்வால் பார்ப்பது லிங்க் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே. இரண்டாவது ஸ்விட்சில் இருக்கும் கணினிகள் சாதாரண நாளில் ஸ்விட்ச்களுக்கு இடையிலான கேபிள் வழியாகத்தான் ஃபயர்வாலுக்கு வரும். அந்தக் கேபிள் அறுந்தால் ஃபயர்வால் போர்ட்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், எதுவும் மாறாது, அந்தப் பக்கம் முழுக்க நெட் இருக்காது. என்னைக் கேட்டால், ஃபயர்வாலுக்குப் போகும் கேபிளைவிட அதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். அப்புறம், முதல் ஸ்விட்ச் செத்தால் அதில் செருகிய கணினிகளை எந்த இன்டர்ஃபேஸாலும் காப்பாற்ற முடியாது. பில்லிங், சர்வர் போன்றவற்றை எதில் செருகுகிறோம் என்று யோசித்துச் செய்யுங்கள்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. ரிடண்டன்ட் இன்டர்ஃபேஸில் சேர்த்த போர்ட்களின் (மெம்பர்) பட்டியலில் முதலில் இருக்கும் போர்ட் மீண்டும் உயிர் பெற்றதும் ஃபயர்வால் தானாகவே அதற்குத் திரும்பிவிடும். ஆனால் ஸ்விட்சில் பழைய ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்கில் சுற்றுப்பாதை உருவாகாமல் தடுக்கும் முறை) ஓடினால், லிங்க் வந்த பிறகும் 15+15 விநாடி அந்தப் போர்ட் எதையும் கடத்தாது. ஸ்விட்ச் திரும்பி வந்த சந்தோஷத்தில் நெட் இன்னொரு தடவை நிற்கும்! ஃபயர்வால் செருகிய ஸ்விட்ச் போர்ட்களை எட்ஜ் போர்ட்டாக (இந்தக் காத்திருப்பு இல்லாத போர்ட்) மாற்றுங்கள். இல்லையென்றால் ஃபயர்வாலின் சிஎல்ஐயில் (கட்டளை தட்டச்சு செய்யும் திரை) ப்ரையாரிட்டி ஓவர்ரைடை, அதாவது முதல் போர்ட்டுக்குத் தானாகத் திரும்புவதை, டிசேபிள் செய்யுங்கள். நாமாக மாற்றும்வரை இரண்டாவது கேபிளிலேயே ஓடும்.

எல்லாம் முடிந்ததும், ஷிப்ட் இல்லாத நேரத்தில் இரண்டாவது ஸ்விட்சில் இருக்கும் கணினியிலிருந்து ஃபயர்வாலுக்கு பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் கட்டளை) ஓடவிட்டு, முதல் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். பிறகு அதைச் செருகிவிட்டு முதல் ஸ்விட்சின் மின்சாரத்தை நிறுத்திப் போடுங்கள். அது போகும்போது மட்டுமல்ல, திரும்பி வரும்போதும் பிங்கைக் கவனியுங்கள்.