தவறாமல் கோயிலுக்குப் போகிறேன், கடவுளை உணர முடியவில்லையே, ஏன்?

நாகர்கோவில் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் நம்மூர்க் கோயிலை வைத்தே சொல்கிறேன்.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் சாயங்கால தீபாராதனையைக் கவனியுங்கள். நடை திறந்து போற்றி (நம்மூரில் அர்ச்சகர்) தீபத்தை உயர்த்துகிற அந்த நேரத்தில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு வேண்டுதலைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். தரிசனம் என்றால் பார்ப்பது. வேண்டுதலை நடை சாத்தியிருக்கும்போதே சொல்லி முடியுங்கள். தீபம் காட்டும்போது கண்ணைத் திறந்து, பாதத்தில் தொடங்கி முகம் வரை மெல்லப் பாருங்கள். லிங்கமானால் அடியிலிருந்து உச்சி வரை. தாணுமாலய லிங்கத்தில் அடி அயன் (பிரம்மா), நடு மால் (திருமால்), உச்சி தாணு (சிவன்) என்பதால் அந்த வரிசைக்கே ஓர் அர்த்தம் உண்டு.

தீபம் இறங்கியதும் கண்ணை மூடி, பார்த்ததை அதே வரிசையில் உள்ளே கொண்டுவாருங்கள். முதலில் சந்தனக்காப்பின் ஓர் ஓரமோ, மாலையில் ஒரு பூவோதான் நிற்கும். அது போதும், மீதியைக் கற்பனையால் நிரப்பாதீர்கள். பிறகு பிரகாரத்தில் பத்து நிமிடம் போனை எடுக்காமல் உட்காருங்கள். பலரும் இந்த உட்காருதலை விட்டுவிடுகிறார்கள். பார்த்தது உள்ளே படியாமல் போவது அதனால்தான்.

வீட்டில் அதே உருவம், அதே நேரம், அதே இடம். ஒரு திரி போட்டு நல்லெண்ணெய் விளக்கு. 108 மணி மாலையைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் உருட்டுங்கள், ஆள்காட்டி விரல் படவேண்டாம். மாலை சேருமிடத்தில் தனியாக நிற்கும் மேரு மணியைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொள்ளுங்கள். ‘நமசிவாய’ ஒரு சுற்று நிதானமாகச் சொன்னால் ஐந்தாறு நிமிடம் ஆகும். முதலில் காது கேட்கச் சொல்லுங்கள், சில வாரம் கழித்து உதடு மட்டும் அசையட்டும், மனசுக்குள் சொல்வது அதற்கும் பிறகு. எடுத்த எடுப்பில் மனசுக்குள் சொன்னால் மூன்றாவது மணியிலேயே நினைப்பு சந்தைக்குப் போய்விடும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான்: முதல் நாளே 1008 எண்ணிவிட்டு நாலாம் நாள் விட்டுவிடுவது. வாரத்துக்கு ஒரு மந்திரம், மாதத்துக்கு ஒரு தெய்வம் என்று மாறுவது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து தூங்குவது. மண்டலம் என்கிற தொடர் விரதக் கணக்கைத் தமிழ்நாட்டில் 48 நாளாக எண்ணுவார்கள், சபரிமலைக் கணக்கில் 41. எதை எடுத்தாலும் நடுவில் எதையும் மாற்றாதீர்கள். கண்ணுக்குள் வெளிச்சம் தெரிவது, அழுகை வருவது, உடம்பு ஆடுவது எல்லாம் நடக்கலாம். அதைத்தான் கடவுள் என்று பிடித்துக்கொண்டால் வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும். உங்களைச் சோதித்துப் பார்க்க நல்ல அளவு ஒன்று உண்டு: வீட்டில் ஒருவர் கடிந்து பேசும்போது பதில் சொல்லுமுன் ஒரு மூச்சு நிதானம் வருகிறதா?

உருவம் ஓரளவு உள்ளே நின்ற பிறகு அடுத்த படி வருகிறது. நம் பக்கத்தில் அய்யா வைகுண்டரை வழிபடும் அய்யாவழியினரின் வழிபாட்டிடங்களான நிழல் தாங்கல்களில் சிலை கிடையாது, கண்ணாடியும் விளக்கும்தான். அவர்களில் பலர் தங்களுடையது தனி வழி என்பார்கள், அதை மதித்தே இந்த உதாரணத்தைச் சொல்கிறேன். நம் பக்கத்து மருத்துவாழ்மலையில் தவமிருந்த கேரளத்து ஞானி நாராயண குருவும் 1927-ல் கேரளத்தில் சேர்த்தலை அருகே களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். சன்னதியில் தேடியதை, பார்க்கிறவனுக்குள்ளேயே தேடச் சொல்கிறது அந்தக் கண்ணாடி. ஜபம் முடிந்ததும் மாலையைக் கீழே வைத்துவிட்டு, இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தது யார் என்று இரண்டு நிமிடம் சும்மா இருந்து பாருங்கள். வார்த்தையில் விடை தேடவேண்டாம்.

சுசீந்திரத்தில் அர்த்தஜாம பூஜையை இந்திரனே செய்கிறான் என்பது ஐதீகம். அதனால் உள்ளே கண்டதை வெளியே சொல்வதில்லை என்று போற்றிமார் சத்தியம் செய்வதாகச் சொல்வார்கள். நீங்களும் அந்த மண்டலம் முடியும்வரை யாரிடமும் சொல்லாதீர்கள், வாட்ஸப்பிலும் போடாதீர்கள். ஒருநாள் வந்ததை ஊருக்குச் சொல்லிவிட்டால், மறுநாள் அதையே எதிர்பார்த்துக்கொண்டு உட்காருவீர்கள். அன்றைக்கு ஜபம் ஓடாது.