புரொஸ்ரேட் ஒப்பரேசன் செய்த பிறகும் அப்பா அடிக்கடி சலம் போகிறார், ஒப்பரேசன் பிழைத்துவிட்டதா?

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, சலக்குழாய் வழியாகக் கருவியை விட்டுச் சுரண்டி எடுக்கிற அந்த ஒப்பரேசன் முடிந்து ஆறு கிழமை, சலம் இப்போது வேகமாகத்தான் போகிறது, ஆனால் அவசரம் வந்தால் அடக்க முடியவில்லை, இரவில் நித்திரையும் இல்லை. வீட்டில் எல்லோரும் ஒப்பரேசன் பிழை என்று முடிவு கட்டிவிட்டீர்கள். தம்பி, அந்த முடிவுக்கு அவசரப்பட்டு வராதீர்கள். எனக்கும் இதே ஒப்பரேசன் நடந்தது, இதே பேச்சை என் வீட்டிலும் கேட்டேன், அதனால்தான் நீளமாக எழுதுகிறேன். நான் ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்கிறவன், டொக்டர் இல்லை. டொக்டர் இல்லாதவன் ஏன் வைத்தியம் சொல்கிறாய் என்று கேட்க வருகிறவர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன், நான் ஒருவருக்கும் மருந்து எழுதிக் கொடுக்கவில்லை. எனக்கு நடந்ததையும் கிளினிக்கில் எனக்கு விளங்கப்படுத்தியதையும் சொல்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சலம் மெல்லிசாக வருவது, முக்க வேண்டியிருப்பது, நின்று நின்று போவது, இதெல்லாம் புரொஸ்ரேட் சுரப்பி பெருத்துச் சலக்குழாயை நெரிக்கிற அடைப்பால் வருவது. அடைப்பை வெட்டி எடுத்தால் இவை கெதியாகச் சரியாகும், உங்கள் அப்பாவுக்கும் சரியாகிவிட்டது. அவசரம், அடிக்கடி போவது, இரவில் எழும்புவது, இவை சலப்பையின் குணம். அடைபட்ட குழாயோடு வருசக்கணக்காக ஓடின தண்ணீர் மெசினை நினைத்துப் பாருங்கள், அடைப்பை எடுத்த அன்றைக்கே மெசின் புதிதாகிவிடாது. சலப்பையின் தசை பல வருசம் முக்கித் தள்ளித் தடித்துப்போய் இருக்கும், கொஞ்சம் நிரம்பினாலே சுருங்கப் பார்க்கும். அதோடு உள்ளே வெட்டின இடம் ஆறாத புண்ணாக இருக்கிறது. அந்தப் புண் ஆறவே கிழமைகள் வேண்டும், சலப்பை அடங்க மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம்கூட எடுக்கும். ஆறு கிழமையில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

சிலருக்குக் கெதியாக அடங்குவதும் சிலருக்கு இழுபடுவதும் ஏன் என்றால், பெரும்பாலும் ஒப்பரேசனுக்கு முன் நடந்தவைதான் காரணம். எத்தனை காலம் அடைப்போடு இருந்தார், சலம் ஒரேயடியாகக் கட்டி, அதை வெளியே எடுக்க ரியூப் போட்டார்களா, அந்த ரியூப் எத்தனை மாதம் இருந்தது, நீரிழிவு இருக்கிறதா, பாரிசவாதமோ கைநடுக்க வருத்தமோ வந்ததா, சலத்தில் கிருமி இருந்ததா. வயதும் ஒரு காரணம். நீரிழிவு நரம்பைக் கெடுப்பதால் சிலருக்குச் சலப்பை அடங்காமல் துடிக்கும், சிலருக்குச் சுருங்கவே பலமில்லாமல் போகும். அப்படிப் பலம் போனவருக்கு அடைப்பை எடுத்தாலும் சலம் முழுதாக வெளியேறாது.

என் கதையில் அந்த ரியூப்தான் பெரிய பங்கு. ஒரு இரவு எனக்குச் சலம் கட்டிவிட்டது. அந்த வேதனையை எழுத்தில் சொல்ல முடியாது, பக்கத்து ஆஸ்பத்திரியில் ரியூப் போட்டபோதுதான் உயிர் வந்தது. பிறகு ஒப்பரேசனுக்குத் திகதி தந்தார்கள். அது 2022, பெற்றோலுக்கும் காஸுக்கும் சனம் வரிசையில் நின்ற வருசம். மருந்து இல்லை, சேலைன் இல்லை என்று நாட்டின் பல ஆஸ்பத்திரிகளில் அவசரமில்லாத ஒப்பரேசன்களைத் தள்ளிப்போட்டார்கள், என்னுடையதும் தள்ளிப்போனது, திரும்பவும் தள்ளிப்போனது. உயிர் போகாத வருத்தமெல்லாம் அவசரமில்லாதது என்று கணக்கு வைக்கிறார்கள். சாரத்துக்குள் ரியூப்பையும் சலம் சேர்கிற பிளாஸ்ரிக் பையையும் தொங்கவிட்டுக்கொண்டு வரம்பில் நடந்தவனுக்கு அது அவசரம்தான். டொக்டர்மார்களிலோ நேர்ஸ்மார்களிலோ நான் குறை சொல்லவில்லை, அவர்களும் பெற்றோல் இல்லாமல் சைக்கிளில் வந்த காலம். ஆனால் நாட்டை அந்த நிலைக்குக் கொண்டுபோனவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது, இந்தக் கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

ரியூப் மாற்றுவதற்கு மாதாமாதம் பஸ்ஸில் போனேன். இடையில் கிருமி பிடித்து நடுங்கி நடுங்கிக் காய்ச்சல். கடைசியில் ஒப்பரேசன் நடந்தபோது எல்லாம் நல்லபடி முடிந்தது, சேலைன் உள்ளே ஓடி இளஞ்சிவப்பாக வெளியே வந்துகொண்டிருந்தது, அது தெளிந்த பிறகு ரியூப்பை எடுத்தார்கள். சலம் பாய்ந்து போனது. இருபது வயதில் போன மாதிரி. ஆனால் வீட்டுக்கு வந்தால் அடக்க முடியவில்லை. எங்கள் கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால் தனியாக இருக்கிறது, கட்டிலில் இருந்து அங்கே போவதற்குள் சாரம் நனைந்துவிடும். மருமகள் முன்னால் அது எவ்வளவு பெரிய வேதனை என்று அனுபவித்தவனுக்குத் தெரியும். உங்கள் அப்பாவும் உங்களிடம் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மூடி போட்ட பாத்திரத்தை வையுங்கள், அதை யாரும் ஒரு கதையாக எடுக்காதீர்கள்.

கனடாவில் இருக்கிற என் மைத்துனர் போனில் எடுத்து, லேசர் செய்திருந்தால் இப்படி வந்திராது என்று என் மனைவிக்குச் சொல்லி அவளை அழவைத்துவிட்டார். லேசர் செய்தவர்களுக்கும் முதல் மாதங்களில் எரிவு, அவசரம், ஒழுக்கு எல்லாம் வரத்தான் செய்யும், கிளினிக்கில் கேட்டு உறுதிப்படுத்தினேன். தூரத்தில் இருந்து அன்பில்தான் சொல்கிறார்கள், ஆனாலும் ஒப்பரேசன் முடிந்த மனிசனுக்கு அந்தப் பேச்சு நஞ்சு.

எனக்கு உண்மையில் உதவியது ஒரு கொப்பி. கிளினிக்கில் இருந்த இளம் டொக்டர் பிள்ளை, அளவு போட்ட ஒரு ஜக்கில் ஒவ்வொரு முறையும் சலத்தை அளந்து நேரத்தோடு எழுதிக்கொண்டு வாங்கோ ஐயா என்றார், குடிப்பதையும் எழுதச் சொன்னார். எழுதிப் பார்த்தால் ஒரு நாளில் போகிற சலத்தில் பாதிக்குக் கிட்ட இரவில்தான் போகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் போனால் அது புரொஸ்ரேட்டின் வேலை இல்லை, உடம்பு இரவில் கூடுதலாகச் சலம் உண்டாக்குகிறது என்று விளங்கப்படுத்தினார். பகல் முழுக்க நின்று வேலை செய்து கால் வீங்கியிருக்கும், படுத்ததும் அந்த நீர் இரத்தத்துக்குத் திரும்பிச் சலமாக வரும். பிறஷருக்கு நான் போட்ட நீர்க் குளிசையின் நேரத்தை அவர் மாற்றித் தந்தார், பின்னேரத்தில் காலை உயர்த்தி வைத்துப் படுக்கச் சொன்னார். இரவு எழும்புவது நன்றாகக் குறைந்தது. குளிசை நேரத்தை நீங்களாக மாற்ற வேண்டாம், அப்பாவுக்கு வேறு காரணம் இருக்கலாம், இருதயமோ சீனியோ எதுவும் இருக்கலாம். ஒப்பரேசனுக்குப் பிறகு எல்லா அறிகுறிகளிலும் இரவு எழும்புவதுதான் குறையக் கடினமானது என்பதை மட்டும் தெரிந்து வைத்திருங்கள்.

தண்ணீரைக் குறைத்தால் சலம் குறையும் என்று எங்கள் ஆட்கள் நினைப்பார்கள். வன்னி வெயிலில் அது நல்லதில்லை, சலம் தடித்துப் புண்ணை எரிக்கும், அவசரமும் கூடும். பகலில் நன்றாகக் குடித்து, படுக்க இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு முன் குறைத்தால் போதும். குறைக்க வேண்டியது தேத்தண்ணியும் கோப்பியும். மலச்சிக்கல் வரவிடக் கூடாது, உரப்பை தூக்குவதும் லான்ட்மாஸ்ரர் உழவு மெசினில் குலுங்குவதும் டொக்டர் சரி சொல்லும் வரைக்கும் வேண்டாம். காற்றை அடக்குவது போல ஆசனவாய்ப் பக்கத்துத் தசையை இறுக்கி விடுகிற பயிற்சி ஒன்று சொல்லித் தருவார்கள், ஒழுக்குக்கு அது நல்லது. தடிமனுக்குக் கடையில் வாங்குகிற குளிசை சிலருக்குச் சலத்தையே கட்டிவிடும், டொக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

பஸ் பிரயாணத்தையும் சொல்ல வேண்டும். ஏ9 வீதியில் ஓடுகிற பஸ்களில் கிளினிக்குக்குப் போகிற கிழவர்கள் எத்தனை பேர். கொஞ்சம் நிறுத்துங்கோ தம்பி என்றால் நேரம் போகுது என்று பதில் வரும், நிறுத்தினாலும் இறங்கிப் போக நல்ல கக்கூஸ் இருக்காது. அதற்குப் பயந்து எத்தனையோ பேர் கிளினிக்கையே விட்டுவிடுகிறார்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனால் ஏறுமுன் கண்டக்டரிடம் சொல்லிவையுங்கள், ஒரு மாற்றுச் சாரமும் கொண்டுபோங்கள்.

எதைக் கண்டால் காத்திருக்கக் கூடாது என்றும் கேட்டிருந்தீர்கள். சலம் முற்றாகக் கட்டினால், கட்டி கட்டியாக இரத்தம் போனால், குளிர் காய்ச்சல் வந்தால், உடனே ஆஸ்பத்திரி. நன்றாகப் போன சலம் சில மாதத்தில் திரும்ப மெல்லிசானால் உள்ளே தழும்பு விழுந்து குழாயோ சலப்பையின் வாயோ ஒடுங்கியிருக்கலாம், அதைத் திறந்துவிட வழி இருக்கிறது. மற்றபடி அடுத்த கிளினிக்கில் சலத்தில் கிருமி பார்க்கச் சொல்லுங்கள், போய்முடிந்த பிறகு சலப்பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கானில் பார்க்கச் சொல்லுங்கள். அவசரத்தை அடக்க மருந்து இருக்கிறது, ஆனால் இதையெல்லாம் பார்த்த பிறகுதான் அதைத் தருவார்கள்.

வெட்டி எடுத்த துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள், அந்த ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள். அதில் புற்றுநோய் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் சுரப்பியின் வெளிப்பகுதி உள்ளேதான் இருக்கிறது, ஆகவே புரொஸ்ரேட் புற்றுநோய்க்காகப் பார்க்கிற பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனை இனி எப்போது என்று அப்போதே கேட்டுக் கொப்பியில் எழுதிவையுங்கள்.