ஜெபத்தின் நடுவே வரும் சந்தேகம்

கேள்வி:

அன்புள்ள ஆலோசகருக்கு ஸ்தோத்திரம். எனக்கு வயது 38. சில மாதங்களுக்கு முன் என் கணவருக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது அவர் நன்றாக இருக்கிறார், வேலைக்கும் போகிறார். நான்தான் தேறவில்லை. நடுராத்திரியில் திடுக்கிட்டு விழித்து, அவருக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. ஜெபிக்க ஆரம்பித்தால் பாதியில், 'இதை யாராவது கேட்கிறார்களா?' என்று தோன்றுகிறது. ஆண்டவரைப் பற்றி வாயால் சொல்லக் கூசும் வார்த்தைகள்கூட மனதில் ஓடுகின்றன. உடனே மன்னிப்புக் கேட்டு முதலிலிருந்து ஜெபிப்பேன். ஒரு சொல் தடுமாறினாலும் மறுபடி முதலிலிருந்து. இப்படியே விடிந்துவிடுகிறது.

ஜெபக்குழுவில் ஓர் அக்கா, "விசுவாசம் இருந்தால் பயம் வராது" என்றார். அதிலிருந்து பயம் இன்னும் கூடிவிட்டது. பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணத்துக்கு மன்னிப்பு இல்லை என்று வாசித்திருக்கிறேன். அந்தப் பாவத்தைச் செய்துவிட்டேனா? கணவரிடம் சொல்லவில்லை. அவர் தாங்குவாரா என்று பயம்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

தூஷணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மாற்கு 3-ஆம் அதிகாரத்தில் அந்த எச்சரிக்கையைக் கேட்டவர்கள் வேதபாரகர்கள், அதாவது யூத வேதச் சட்டத்தைக் கற்பித்தவர்கள். இயேசு செய்ததைப் பார்த்துவிட்டு, அது பிசாசின் வேலை என்று பழி சொன்னவர்கள். அதற்காக அவர்களில் ஒருவரும் தூக்கம் கெட்டு அழுததாக அங்கே இல்லை. வேண்டாம் என்று நீங்கள் பதறித் தள்ளுகிற எண்ணம், நீங்கள் எடுத்த முடிவு ஆகாது.

நெஞ்சுப் படபடப்பு உடம்பின் வேலை. கணவரை இழந்துவிடுவோமோ என்ற அதிர்ச்சி இன்னும் இறங்கவில்லை. ஆபத்து முடிந்த பிறகும் உடம்பு காவல் நிற்கிறது. அதைக் கொண்டு விசுவாசத்தை அளக்க முடியாது. அந்த அக்கா நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் பயந்து கிடப்பவரிடம் சொல்லக் கூடாத வாக்கியம் அது. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறது 56-ஆம் சங்கீதம். பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில் இருக்கலாம் என்றுதானே அதற்கு அர்த்தம்?

எனக்குக் கவலை தருவது, நீங்கள் ஜெபத்தைத் திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்குவதுதான். ஓசிடி என்பது, வேண்டாத எண்ணம் வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநலப் பிரச்சினை; அதன் ஒரு வகையில் இப்படி நடக்கும். பெரும்பாலும் பக்தி உள்ளவர்களை அது பிடித்துக்கொள்கிறது. கடிதத்தை மட்டும் வைத்து உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லிவிட முடியாது. திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரும், துறவியாக இருந்த காலத்தில் மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்வார். எதையாவது விட்டுவிட்டோமோ என்று திரும்பவும் போய் நிற்பார். ஒவ்வொரு தடவை திரும்பத் தொடங்கும்போதும் ஒரு நிமிடம் நிம்மதி கிடைக்கும். அந்த நிமிட நிம்மதிதான் அடுத்த சந்தேகத்துக்குத் தீனி.

ஆகவே இன்று இரவு ஒரே ஒரு முறை ஜெபியுங்கள். சொல் தடுமாறட்டும், அசிங்கமான எண்ணம் வரட்டும், ஆமென் சொல்லி முடித்துவிடுங்கள். அந்த எண்ணத்துக்காகத் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டாம். அப்புறம் பதற்றம் ஏறத்தான் செய்யும். ஆனால் ஏறியது தானாக இறங்கும். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. முதல் சில இரவுகள் கஷ்டமாகத்தான் இருக்கும்.

மாற்கு 9-இல் ஒரு தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுகிறான். அதற்குச் சற்று முன்னால்தான், 'உம்மால் ஏதாவது செய்யக்கூடுமானால்' என்று சந்தேகத்தோடு கேட்டிருந்தான். சந்தேகம் எல்லாம் தீர்ந்த பிறகு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளையை அப்போதே குணமாக்கினார்.

படபடப்புக்கு ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, இரத்தசோகை இருந்தாலும் இப்படி வரும். இரண்டு மூன்று வாரத்தில் தணியாவிட்டால் மனநல மருத்துவரிடம் போகத் தயங்காதீர்கள். இதற்கென்றே பயிற்சி முறைச் சிகிச்சை இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்றால், உங்கள் கணவரின் ஸ்டென்டை என்ன சொல்வது? வாழவே வேண்டாம் என்று எப்போதாவது தோன்றினால் மட்டும் வாரக் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே உதவி தேடுங்கள்.

கணவரிடம் சொல்லுங்கள். வேலைக்குப் போகிற அளவுக்குத் தேறியவர், மனைவி தூங்கவில்லை என்பதையும் தாங்குவார். சந்தேகமாக இருந்தால், அடுத்த முறை அவருடைய இதய மருத்துவரைப் பார்க்கும்போது நீங்களே கேட்டுவிடுங்கள்.